பார்வை டப்பா

எங்கள் நிகழ்ச்சியின் விளம்பரத்தில் 'யாரும் எழுதிக் கொடுக்காத நிஜக் காதல்' என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி வரும். அந்த வரியை எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் நான். தயாரிப்பாளர் என்றதும் கழுத்து நிறைய நகையோடு நாற்காலியில் சாய்ந்திருப்பவள் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தொலைக்காட்சியில் தயாரிப்பாளர் என்றால் திட்டு வாங்குகிற ஆள். மேலே வாங்கி, கீழே பிரித்துக் கொடுக்க வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் வாங்கியதைவிட அதிகமாகவே கொடுத்துவிடுவேன் என்று பேச்சு. இருக்கட்டும்.

நிகழ்ச்சி இதுதான். ஒரு பெரிய வீடு. ஐந்து ஆண்கள், ஐந்து பெண்கள், எட்டு வாரம். யாருக்கு யாரைப் பிடிக்கிறது என்று ஊரே உட்கார்ந்து பார்க்கும். முதல் வாரமே எங்களுக்கு ஒன்று தெரிந்துபோனது. யாருக்கும் யாரையும் பிடிக்கவில்லை. காலையில் குளியலறைக்கு யார் முதலில் போவது என்பதில் மட்டும்தான் அந்தப் பத்துப் பேருக்கும் உணர்ச்சி பொங்கியது.

அதற்காக வீட்டைப் பூட்டிவிட்டுப் போக முடியுமா? இதற்கெல்லாம்தான் பார்வை டப்பா.

டப்பா என்றால் நிஜ டப்பா இல்லை. எடிட்டிங் அறைக் கம்ப்யூட்டரில் நாங்கள் வைத்திருந்த ஒரு ஃபோல்டர். எங்கள் எடிட்டரும் நானும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், வாடி போடி சிநேகிதம். எல்லோருக்கும் அவள் 'கத்திரி'. ஆறு கேமராக்கள் காலையில் ஓட ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு கட், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு கட், அவ்வளவுதான். இடையில் யார் எதைப் பார்த்து எப்படி முழித்தாலும் கத்திரி அதை வெட்டி எடுத்து டப்பாவில் போட்டுவிடுவாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்து ஒரு பெண் பதறினாள். தன் ஆள் இன்னொருத்தியோடு சிரித்துப் பேசுவதைப் பார்த்துப் பதறியதாக அது ஒளிபரப்பானது. பால் கதையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்படித்தான் பல் டாக்டரையும் ஜிம்மையும் சேர்த்து வைத்தோம்.

பல் டாக்டர் முப்பது வயதுப் பெண், சொந்தமாக கிளினிக் வைத்திருப்பவள், பேச்சு குறைவு. ஜிம் என்பவர் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர். தோள் அகலம், மனசு குழந்தை. எறும்பை மிதித்துவிட்டால்கூட ஸாரி சொல்வார். மூன்றாவது வாரம் டாக்டரின் முகத்தில் ஒரு பார்வை கிடைத்தது. அம்மாடி! கண் லேசாகக் கலங்கி, உதட்டு ஓரத்தில் சிரிப்பு வந்தும் வராமல், காத்திருந்து காத்திருந்து ஏங்கிப்போன முகம். அதற்கு அடுத்து ஜிம் ஜன்னலோரம் நிற்கிற ஷாட்டைக் கத்திரி ஒட்டினாள். நடுவில் கொஞ்சம் வயலின். மறுநாள் ஊர் முழுக்க அதே பேச்சு. அதற்குப் பிறகு டாக்டர் தினம் ஒரு பார்வை கொடுத்தாள், நாங்களும் தினம் ஒன்றாக ஒட்டினோம்.

என் அக்கா தொலைபேசியில் விசும்பினாள்.

"எப்படிடி பாக்குறா அந்தப் பொண்ணு! நான் உங்க மாமாவை அப்படிப் பாத்ததே இல்ல."

"மாமாவும் ஜன்னலோரம் நின்னதில்லையே."

"விளையாடாத. உன் விஷயம் என்ன? கேட்டியா?"

அக்கா கேட்டது ஒட்டகத்தைப் பற்றி.

ஒட்டகம் எங்கள் இரண்டாம் கேமராக்காரர். ஆறடி மூன்று அங்குலம், நீண்ட கழுத்து, நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க மாட்டார், குடித்தால் நடுவில் எழுந்து போக வேண்டியிருக்குமாம். ஏழு வருடமாக என் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் அவர்தான். நான் கத்தினால் ஆளாளுக்கு மூலையைத் தேடி ஓடுவார்கள். அவர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, "மேடம், கோபம் என் மேலயா, பொதுவாவா?" என்று கேட்பார். "பொதுவா" என்பேன். "அப்ப சரி" என்று லென்ஸைத் துடைக்கப் போய்விடுவார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? காலையில் செட்டுக்குள் நுழைந்ததும் அந்த நீளக் கழுத்து எங்கே என்றுதான் என் கண் முதலில் தேடும். ஊருக்கெல்லாம் காதல் ஒட்டித் தருகிறவளுக்குத் தன் காரியத்துக்கு வாய் வரவில்லை. இந்த நிகழ்ச்சி முடிவதற்குள் அவரிடம் கேட்டுவிடுவதாக அக்காவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன்.

எட்டாவது வாரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஐந்திலிருந்து ஆறு மணிவரை கடைசிப் பகுதி, நேரலை. நிகழ்ச்சித் தலைவர் மேல்மாடியில் உட்கார்ந்திருப்பவர், எங்களுக்கு அவர் பெயரே 'மேல்மாடி'தான். கூப்பிட்டுச் சொன்னார்.

"அந்தப் பார்வையை நேரலையில எனக்குக் காட்டணும். காட்டினா அடுத்த வருஷமும் உங்க நிகழ்ச்சி உண்டு. இல்லேன்னா காலை நேர சமையலுக்குப் போயிடுங்க."

நான் சமைத்ததைச் சாப்பிட்டவர்கள் யாரும் எனக்கு இந்தத் தண்டனையைத் தரமாட்டார்கள். அவர் சாப்பிட்டதில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் படப்பிடிப்பு முடிந்ததும் கத்திரி என்னை எடிட்டிங் அறைக்குக் கூப்பிட்டாள். திரையில் டாக்டரின் பார்வைகள் வரிசையாக நின்றன. மொத்தம் முப்பத்தி நான்கு.

"எல்லாம் எங்க போகுதுன்னு பாரு," என்றாள்.

"ஜிம்கிட்ட."

"எனக்கே காது குத்தாத. ஜிம்மை ஒட்டினது நாம. நிஜமா எங்க பாக்குறா?"

பார்த்தேன். முப்பத்தி நான்கும் ஒரே திசை, ஒரே உயரம். டாக்டர் உட்காரும் சோபாவுக்கு நேர் எதிரே இரண்டாம் கேமரா நிற்கும். அதற்குப் பின்னால், தரையிலிருந்து ஆறடிக்குக் கொஞ்சம் மேலே, என்ன இருக்கும்?

"ஒட்டகத்தோட தலை," என்றாள் கத்திரி, பிஸ்கட்டைக் கடித்தபடி. அவளுக்கு என் விஷயம் தெரியாது.

ஊரே உருகிய அந்தப் பார்வை என் ஒட்டகத்தின் மேலா? அந்தப் பார்வையைத் தேடித் தேடி வெட்டி, துடைத்து, வயலின் வைத்து அலங்காரம் செய்தது என் கையா? அன்று இரண்டு பேரைக் காரணமில்லாமல் திட்டினேன். ஒருவர் எங்கள் செட்டைச் சேர்ந்தவரே இல்லை, குடிநீர் கேன் போட வந்தவர்.

நியாயமாக இருப்பவள் என்ன செய்வாள்? யோசிப்பாள், விசாரிப்பாள். நான் மறுநாள் காலையில் கேமரா அட்டவணையை மாற்றினேன். வீட்டு வாசலில் கேட்டைப் பார்த்தபடி நான்காம் கேமரா ஒன்று இருந்தது. யாராவது வந்தால் எடுக்க. யாரும் வருவதில்லை. ஒட்டகத்தை அங்கே போட்டேன்.

அவர் அட்டவணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மேடம், கோபம் என் மேலயா, பொதுவாவா?"

"கோபமே இல்ல. வாசல்ல வெளிச்சம் சரியா வரல. அனுபவம் உள்ள ஆள் வேணும்."

"கேட்டுக்கு அனுபவமா?"

"ஆமா."

அவர் "அப்ப சரி" சொல்லவில்லை. ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு என்னையே இரண்டு அறை வைக்கலாம் போலிருந்தது. ஆனாலும் அட்டவணையை மாற்றவில்லை. பொறாமைக்கு வெட்கம் கிடையாது.

புதன்கிழமை மேல்மாடியிலிருந்து எனக்கு ஒரு கடிதத்தின் நகல் வந்தது. ஒட்டகம் வேலையை விடுகிறார். ஏதோ ஒரு தீவில் கடல் பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதை ஒன்றரை வருடம் படம் எடுக்க வேண்டுமாம், வெகு நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம், இப்போது ஒத்துக்கொண்டாராம். திங்கட்கிழமை காலை புறப்பாடு.

அக்காவிடம் சொன்னேன்.

"முட்டைக்கு இருக்கிற யோகம்கூட உனக்கு இல்லையேடி," என்றாள்.

"அக்கா, நான் என்ன பண்ணட்டும்?"

"கேளு. ரெண்டு வார்த்தை. டாக்டர் பாக்குறா, சரி. அவர் திருப்பிப் பாத்தாரா? அதை யாராவது பாத்தீங்களா?"

அட! இவ்வளவு பெரிய எடிட்டிங் அறை வைத்துக்கொண்டு இது எனக்குத் தோன்றவில்லையே.

கத்திரியிடம் வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். அவள் அரை மணி நேரம் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூணாம் கேமராவோட ஓரத்துல அவர் அடிக்கடி வருவார், எடிட்ல வெட்டிடுவேன். தேடிப் பாக்கலாம்," என்றாள். வியாழக்கிழமை இரவு தொடங்கி வெள்ளி மதியம்வரை தேடினோம். எட்டு வாரம். ஓரத்தில் பாதித் தோள், ஒரு கை, நீளக் கழுத்து. ஒவ்வொரு தடவையும் மனிதர் கண்ணை வியூஃபைண்டரில் வைத்துக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்தது.

"என்னையாவது பாத்திருக்காரா? பாரேன்," என்றேன்.

கத்திரி பார்த்தாள். நான் அந்த ஃப்ரேம்களில் எங்கெல்லாம் இருக்கிறேனோ அங்கெல்லாம் நிறுத்தினாள். கத்துகிறேன், கையாட்டுகிறேன், நகம் கடிக்கிறேன். ஒட்டகம் வேலை பார்க்கிறார். எட்டு வாரத்தில் ஒரு நொடி கிடையாது.

"உனக்கும் இல்லடி," என்றாள் மெதுவாக. அன்று முதல் தடவையாக அவள் சிரிக்கவில்லை.

அந்த வருத்தத்தில் நான் இருக்கும்போதே அவள் வேறொன்றைப் பார்த்துவிட்டாள். ஒட்டகம் வாசலுக்குப் போன பிறகு இரண்டாம் கேமராவுக்கு வந்தவர் அவர் தோள் உயரம்தான் இருப்பார். ஆனால் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் டாக்டரின் பார்வை பழைய உயரத்திலேயே இருந்தது. அந்தப் புது ஆளின் தலைக்கு மேலே ஒரு அடி, வெறும் காற்றில்.

"காத்தை எதுக்குடி காதலிக்கிறா?" என்றாள் கத்திரி. பிறகு ஒவ்வொரு ஷாட்டின் கீழேயும் ஓடும் நேரத்தைப் படிக்க ஆரம்பித்தாள். "அஞ்சு நாப்பத்தி ரெண்டு. அஞ்சு நாப்பத்தி எட்டு. அஞ்சு அம்பது. அஞ்சு அம்பத்தி அஞ்சு..."

முப்பத்தி ஏழு பார்வைகளும் சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கும் ஆறுக்கும் இடையில்.

இருவரும் செட்டுக்கு ஓடினோம். மதியச் சாப்பாட்டு நேரம், யாரும் இல்லை. நான் டாக்டரின் சோபாவில் உட்கார்ந்து எதிரே பார்த்தேன். இரண்டாம் கேமராவுக்குப் பின்னால், சுவரில், ஒரு கடிகாரம்.

கோபத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தொழிலில் கேமரா பார்க்கும் இடத்தில் கடிகாரமே வைக்க மாட்டோம். காலையில் எடுத்ததையும் மாலையில் எடுத்ததையும் கலந்து ஒட்டுகிறவர்கள் நாங்கள், முள் காட்டிக் கொடுத்துவிடும். வந்தவர்களின் கைக்கடிகாரம், கைபேசி எல்லாவற்றையும் முதல் நாளே வாங்கிப் பூட்டிவிட்டோம். ஆனால் லைட் போடுகிறவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தெரிய வேண்டுமே, எங்கள் பக்கத்துச் சுவரில் ஒன்றை மாட்டியிருந்தார்கள். எந்த ஃப்ரேமிலும் வராத சுவர், அதனால் நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. அந்த வீட்டில் இருந்த ஒரே கடிகாரம் அதுதான்.

சாப்பிட்டுவிட்டு வந்த டாக்டரைப் பிடித்துக் கேட்டேன்.

"ஆறு மணிக்கு என்ன இருக்கு?"

அவள் ஒரு நொடி தயங்கிவிட்டுக் காலைத் தூக்கிக் காட்டினாள். எங்கள் உடை அலங்காரக்காரர் கொடுத்த குதிகால் செருப்பு, ஒரு அளவு சின்னது. குதிகாலில் பிளாஸ்திரி மேல் பிளாஸ்திரி.

"ஆறு மணிக்குத்தான் மேடம் இதைக் கழட்ட விடுவாங்க."

"ஏன்மா சொல்லல?"

"முதல் நாளே சொன்னேன். சிரிச்சுக்கிட்டே நடங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

சொல்லியிருப்பேன். நான் சொல்லக்கூடியதுதான்.

இங்கே நல்லவள் யாராவது இருந்தால் உடனே வேறு செருப்பு கொடுத்திருப்பாள். நானும் கொடுத்தேன், வெள்ளி, சனிக்கு. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் பழைய செருப்பையே போட்டுக்கொள்ளும்படி கெஞ்சினேன். ஒரே ஒரு மணி நேரம், அதோடு நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றேன். வீடு என்றதும் ஒத்துக்கொண்டாள். பிறகு கத்திரியும் நானும் கடிகாரத்தைக் கழற்றி, கடைசிப் பகுதியில் ஜிம் உட்காரப்போகும் நாற்காலிக்குப் பின்னால், எந்தக் கேமராவுக்கும் தெரியாமல் டாக்டருக்கு மட்டும் தெரிகிற ஒரு தூணின் இடுக்கில், அவர் தலைக்குச் சற்று மேலே மாட்டினோம். ஆணி அடித்தது நான். கட்டைவிரலில் ஒன்று வாங்கினேன், கிடைக்க வேண்டியதுதான்.

ஞாயிறு. ஐந்து மணிக்குத் தொடங்கியது. ஐந்து நாற்பதுக்கு டாக்டர் நிமிர்ந்தாள். ஐந்து ஐம்பதுக்குக் கண் கலங்கியது. ஐந்து ஐம்பத்தி நான்குக்கு அந்தப் பார்வை ஜிம்மின் தலைப்பக்கம் போய் நின்றது பாருங்கள், ஜிம்மே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேல்மாடி என் காதுக்கருவியில், "அற்புதம், அற்புதம்" என்று கூவினார். தொகுப்பாளர் குரல் நடுங்க, "உங்க முடிவு என்ன, டாக்டர்?" என்றார்.

டாக்டர் குனிந்தாள். இரண்டு செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தாள். நேரலையில்.

"எட்டு வாரமா இவர்கூட கேமரா இல்லாம ஒரு வார்த்தை பேசினதில்ல," என்றாள். "பிடிச்சிருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? வெளிய போய் ஒரு டீ குடிக்கிறோம். அப்புறம் சொல்றேன்."

ஜிம், "எனக்கும் அதான் தோணுச்சுங்க," என்றார். அவள் வெறுங்காலோடு எழுந்தாள், அவர் அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார், இருவரும் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். மேல்மாடி மறுபடி கூவினார். டீ என்ன ஆனது என்று பார்க்கவே அடுத்த வருடம் எல்லோரும் வருவார்களாம், நிகழ்ச்சி உறுதியாம். அக்கா அழைத்தாள். நான் எடுக்கவில்லை. டாக்டர் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்திருந்தது. முப்பத்தி ஏழு பார்வையை ஒட்டினேன், அந்த இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள ஒரு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. எனக்கும்தான் கொடுத்துக்கொள்ளவில்லை.

வாசலில் ஒட்டகம் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தார். விடிந்தால் அவர் பறவைகளிடம் போய்விடுவார். கையில் ஆதாரம் எதுவும் இல்லை, எழுதி வைத்த வரியும் இல்லை. போய் எதிரே நின்றேன்.

"உங்களை இங்க போட்டது வெளிச்சத்துக்காக இல்ல."

"தெரியும் மேடம். ஆறு நாளா மேகமூட்டம்."

"டாக்டர் உங்களைத்தான் பாக்குறாங்கன்னு நினைச்சேன்."

"என்னையா?" நிஜமாகவே திகைத்துப்போனார். "எதுக்கு?"

"எதுக்கோ. எனக்குப் பொறுக்கல."

"உங்களுக்கு ஏன் பொறுக்கல?"

எத்தனை பேருக்கு எத்தனை வசனம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்!

"ஏன்னா எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ஏழு வருஷமா. முட்டை கிட்டைன்னு எங்கயும் போகாதீங்க. போகணும்னா போங்க. ஆனா போகாதீங்க."

அவர் கேபிளைக் கீழே வைத்தார். பொறுமையாகத்தான் வைத்தார், சுற்று பிரியாமல் இருக்க.

"இதைச் சொல்ல ஏழு வருஷமா?"

"நீங்க என்னை ஒரு தடவைகூடப் பாத்ததில்லையே. எட்டு வார ஃபுட்டேஜும் தேடிட்டேன். எதுலயும் இல்ல."

"ஃபுட்டேஜ்லயா?" என்றார். "கேமரா ஓடும்போது வேலையைப் பாக்காம வேற எங்க பாப்பேன்? நீங்க கட் சொன்னதும்தான் பாப்பேன். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. நீங்கதான் கட் சொன்ன அடுத்த நொடி மானிட்டர் பக்கம் திரும்பி, எடுத்ததைப் போட்டுப் பாக்க ஆரம்பிச்சிடுவீங்க."

எந்தக் கேமராவும் ஓடவில்லை. அவர் அப்போது என்னைப் பார்த்தார். நேராக, அவசரமில்லாமல், கண் லேசாகக் கலங்கி.

தொழில் புத்தி போகுமா? எதைப் பார்த்து இந்த மனிதர் இப்படி ஆனார் என்று சட்டெனத் திரும்பி என் பின்னால் பார்த்தேன். வெறும் சுவர்தான் இருந்தது.